கடிபட்டது கணக்கில் வராது

கிப்ஸ் குன்றின் கலங்கரை விளக்கு
கடைசியாக ஒருமுறை கண் சிமிட்டி
விடியலில் கரைந்தது.
பெர்முடா இப்போது முதுகுப் பக்கம்.

படகின் பெயர் 'இரண்டாம் அடமானம்'.
வெண்டல் வைத்தது.
வேடிக்கைக்கென்றுதான்
முதல் வருடம் எல்லாரும் நினைத்தோம்.

இன்று வாடகைக்கு எடுத்தவர் ஆல்ட்விச்,
ஹாமில்டனில், குளிரூட்டிய ஆறாம் மாடியில்
புயல்களுக்கு விலை போடுகிறவர்.
எந்தக் கரையில், எந்த ஆண்டு, எத்தனை கூரை போகும் என்று
தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை சொல்வாராம்.
"வாஹூ கடிக்க வாய்ப்பு எவ்வளவு?"
வெண்டல் காபியைக் கடலில் ஊற்றினான்.
"கடிக்கும். இல்லையென்றால் கடிக்காது."

ஆர்கஸ் திட்டின் விளிம்பு.
முப்பது பாகம் இருந்த ஆழம்
மூச்சு விடுவதற்குள் முந்நூறாக இறங்கும் இடம்.
கறுப்பும் ஊதாவும் பாவாடை கட்டிய
பொய் மீன்கள் நாலு
பின்னால் தாவித் தாவி வருகின்றன.
வேகம் பதினாலு நாட்.
நரம்பென்றால் ஒரே கடியில் போய்விடும்;
முனையில் எஃகுக் கம்பி.
கம்பியைப் பிடிப்பது என் வேலை.
பதினோரு வருடமாக,
இடது கையுறை மட்டும் தேயும் வேலை.

ஒன்பது இருபதுக்கு ரீல் அலறியது.
அலறியது என்பது சரியில்லை:
ரயில் நீளத் துணியொன்றை
யாரோ ஒரே மூச்சில் கிழித்த மாதிரி.
"நிறுத்தாதே!" என்று நான் கத்த,
நிறுத்துவேனா என்ற முகத்தோடு வெண்டல்
விசையை அப்படியே வைத்திருந்தான்.
வேகம் குறைந்தால் கம்பி தொய்யும்,
தொய்ந்தால் போச்சு.

ஆல்ட்விச்சின் கண்ணாடி கழன்று
பனிக்கட்டிப் பெட்டிக்குள் விழுந்தது.
எடுக்கவில்லை. சுற்றினார். சுற்றினார்.

நாற்பது அடியில் பார்த்தேன்.
உடம்பு முழுக்க நீலக் கோடுகள் பற்றிக்கொண்டு
மின்வெட்டுக்குப் பின் தெரு ஒளிர்வதுபோல்
ஒரே நொடியில் மொத்தமும்.
போட்டிப் பலகையில் முன்னணி தொண்ணூற்று மூன்று பவுண்டு.
இது நூறுக்கு மேல்.
வெண்டலிடம் சொல்லவில்லை.
சொன்னால் அவன் பரிசுப் பணத்தைச் செலவழிக்கத் தொடங்கிவிடுவான்.

பிறகு கம்பியில் ஒரு கனம். மீனுடையது அல்ல.
இரண்டு உலுக்கல்.
பிறகு என் உள்ளங்கை
வெட்கப்படும் அளவுக்கு இலேசாயிற்று.

ஏற்றினோம்.
தலையும் தோளும் ஒரு சாண் உடம்பும்.
மிச்சத்தைச் சுறா
பிறைநிலா வடிவில் வெட்டி எடுத்திருந்தது,
தையற்காரி பொறாமைப்படும் சுத்தத்தில்.
தலைக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.
தாடை திறந்து மூடியது,
திறந்து,
என் பூட்ஸில் மூடியது.

இருந்த ஒரு சாணில் கோடுகள்
பின்னிருந்து முன்னாக மங்கின.
வாலில் இருந்தவை
இந்நேரம் எந்த வயிற்றின் இருட்டில்
அணைந்துகொண்டிருக்கும்?

"எடை போட்டால்?" என்றார் ஆல்ட்விச்.
"நாற்பது தேறும். ஆனால் போட்டியில்
கடிபட்டது கணக்கில் வராது."
அவர் ஈரக் கண்ணாடியைத் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.
"எங்கள் அலுவலகத்தில்
கடிபட்டது மட்டும்தான் கணக்கில் வரும்."

வெண்டல் சிரிக்கத் தொடங்கி
நிறுத்த முடியாமல்
சுக்கானின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.
சுக்கானுக்கு மேலே, வெயில் மறைப்பில் செருகியிருந்த
வங்கிக் கடிதம்
அவன் சிரிப்புக்கு ஆடியது.

துறையில் யூஸ்டஸ் தராசைக்கூட இறக்கவில்லை.
தலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
"சௌடருக்கா?" என்றார்.

சௌடருக்குத்தான்.
தலையை இரண்டாகப் பிளந்து
தக்காளி, செலரி, கறுப்பு ரம்,
ஷெர்ரியில் ஊறிய மிளகாய்.
ஆல்ட்விச் டையோடு வந்தார்,
கன்னத்துச் சதையை விரலால் உருவித் தின்றார்,
இரண்டாம் கிண்ணம் கேட்டார்.
மூன்றாவதையும் கேட்டிருப்பார்,
சட்டியில் இருந்தது கண் மட்டும்.

பூட்ஸில் இரண்டு கீறல், பக்கத்தில் பக்கத்தில்.
பசை போட்டிருக்கிறேன்.
நாளை தளத்தைக் கழுவும்போது தெரியும்
தாங்குமா என்று.